மண்வாசனை என்ற சொல்

2021 அக்டோபரில் ஒரு பிற்பகல், மூன்று மணி இருக்கும். கங்கைகொண்டானில் நான் குமாஸ்தாவாக உட்கார்ந்திருக்கும் வங்கிக் கிளையில் மின்சாரம் போய்விட்டது. காற்றாடிகள் நின்றன. கம்ப்யூட்டர்கள் பாட்டரியில் முனகிக்கொண்டிருந்தன. கவுண்டருக்கு அந்தப் பக்கம் எட்டுப் பத்துப் பேர். அநேகமாக எல்லோரும் விதைப்புச் செலவுக்கு நகை அடகு வைக்க வந்தவர்கள். வெளியே வெயில் சட்டென்று மங்கிற்று. பக்கத்து சைக்கிள் கடையின் தகரக் கூரையில் யாரோ நாலைந்து கூழாங்கற்களை விட்டெறிந்த மாதிரி சத்தம் கேட்டது.

அப்போது நடந்ததை எத்தனையோ தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் வாசலுக்குப் போனார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. நகை மதிப்பிடுகிறவர் கையில் உரைகல்லோடு போனார். அரைகுறைத் தமிழ் பேசும் எங்கள் மேலாளர் கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வந்தார். 'முகக்கவசம் இல்லாதவர்களுக்குச் சேவை இல்லை' என்ற அறிவிப்புக்குக் கீழேயே நின்றுகொண்டு, எல்லோரும் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினார்கள். இரண்டாம் அலையில் அந்த ஊரில் சாவு விழாத தெரு குறைவு. வாசலில் தோளோடு தோள் உரச நின்றார்கள். மூக்குகள் லேசாக உயர்ந்திருந்தன.

நானும் போய் நின்றேன். பக்கத்தில் நின்ற பெரியவர், மானாவாரியில் உளுந்து போடுகிறவர், என் பக்கம் திரும்பி, "மணக்கு பாத்தியளா தம்பி" என்றார்.

"ஆமா அண்ணாச்சி, மணக்கு" என்றேன்.

பொய். எனக்கு எதுவும் மணக்கவில்லை. அந்த வருஷம் மே மாதம் வந்த காய்ச்சலோடு என் மூக்கு செத்துப்போயிருந்தது. காப்பி வெறும் சூடாகவும் கசப்பாகவும் இருந்தது. சோப்பு வழவழப்பாக இருந்தது. ஐந்து மாதம் ஆகியும் ஒன்றும் திரும்பவில்லை. அதை அந்தப் பெரியவரிடம் சொல்வதில் என்ன கஷ்டம் இருந்திருக்க முடியும்? சொல்ல வரவில்லை. அந்த வாசலில் நின்ற கூட்டத்திலிருந்து பிரிந்துபோக மனசு வரவில்லை என்பதுதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

யாரும் சொல்லித்தராமல் நாம் நெருங்கிப்போகும் சில சுகங்கள் உண்டு. மார்கழிக் காலை வெயிலுக்கு முதுகைக் காட்டி நிற்பது. கைலாசநாதர் கோயில் கல்தரையில் நிழல் விழுந்த பகுதியாகப் பார்த்து வெறுங்காலை வைப்பது. சித்தாற்றில் தொடை அளவு தண்ணீரில் சும்மா நிற்பது. இவற்றுக்குப் படிப்பு வேண்டாம், காசு வேண்டாம், ரசனைப் பயிற்சி வேண்டாம். அதனாலேயே நாங்கள், அதாவது புத்தகங்களைப் பற்றி எழுதுகிற சின்னக் கூட்டம், இவற்றைப் பேசுவதில்லை. ஆழமில்லாத விஷயம் என்று ஓர் எண்ணம். முதல் மழையின் மண்மணத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். அதையும் மணமாக எடுத்துக்கொள்ளவில்லை, சொல்லாக எடுத்துக்கொண்டோம். 'மண்வாசனை' என்றால் வட்டார வழக்கு, கிராமம், அசல் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டோம். 1983-இல் பாரதிராஜா தம் படத்துக்கு அதையே பெயராக வைத்தபோது சொல் இன்னும் பரவலாயிற்று. இன்று எந்த நாவலின் பின்னட்டையிலும் அதைப் பார்க்கலாம்.

நான் இதில் நிரபராதி அல்ல. 2021 மே 17-இல் கி. ராஜநாராயணன் புதுச்சேரியில் காலமானார். அந்த வாரம் நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். எழுந்து உட்கார முடிந்த முதல் நாள், ஒரு நண்பரின் பத்திரிகைக்காக அவரைப் பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். இடைசெவல் எங்கள் ஊரிலிருந்து வடக்கே அதே நெடுஞ்சாலையில் போனால் வந்துவிடும். ஆகவே எனக்கு ஒரு பாத்தியதை இருப்பதாக நினைப்பு. கரிசலின் மண்வாசனையை அவர் எழுத்தில் நுகரலாம் என்று எழுதினேன். பக்கத்தில் அம்மா கொண்டு வைத்த மிளகு ரசத்தை என்னால் நுகர முடியவில்லை. அந்த வாக்கியம் மட்டும் தங்கு தடையில்லாமல் வந்து விழுந்தது.

அக்டோபரில் வாசலில் பொய் சொல்லிவிட்டு வந்த இரவு, என் பழைய கட்டுரைகளை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். 9 கட்டுரைகளில் 16 இடங்களில் அந்தச் சொல் இருந்தது. மூக்கு இருந்தபோது எழுதியது எது, இல்லாதபோது எழுதியது எது என்று வாக்கியங்களைப் பார்த்து என்னாலேயே பிரிக்க முடியவில்லை. இதுதான் என்னைத் தொந்தரவு செய்தது. ஒரு விமர்சகனின் சொல்லுக்குப் பின்னால் பொருள் இருக்கிறதா என்பது அவன் மூக்கு செத்தால்கூடத் தெரியாமல் போகுமென்றால், அது முதலிலேயே செத்த சொல்தான்.

ஆங்கில பி.ஏ. படித்தவன் வாசனை என்றதும் புரூஸ்ட்டுக்குப் போவான். தேநீரில் நனைத்த கேக் துண்டைப் பற்றி நானும் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன்; அந்த நாவலை முழுக்கப் படித்ததில்லை. இந்தத் தடவை அங்கே போகாமல் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம் என்று தேடினேன்.

எங்கள் ஊரின் பெயர் ராஜேந்திர சோழனின் விருதுப் பெயர். கங்கை நீரைக் கொண்டுவந்தவன் பெயரைத் தாங்கிய இந்த இடம் மலைக்குப் பின்னால் மழை மறைவில் கிடக்கிறது. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது இங்கே வறட்டுக் காற்றுதான்; கயத்தாறு பக்கம் காற்றாலைகள் சுற்றும், கண்ணில் மண் விழும். ஆனால் சித்தாற்றில் தண்ணீர் வரும். இங்கே ஒரு மேகம்கூட இல்லாமல், வேறெங்கோ பெய்த மழை கலங்கலாக ஓடி வந்து, ஊரைத் தாண்டிப் போய், சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேரும். எங்களுக்கென்று மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அதுவரை மண் மாதக்கணக்கில் காய்கிறது. முதல் மழை இங்கே அவ்வளவு தூக்கலாக மணப்பதற்கு இந்தக் காய்ச்சல்தான் காரணம் என்று பிற்பாடு புரிந்தது.

1964-இல் ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தைச் சேர்ந்த இஸபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இருவர் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். வெப்பத்தில் நெடுநாள் காய்ந்த பாறையிலும் களிமண்ணிலும் ஒருவித எண்ணெய் ஊறியிருக்கிறது, ஈரம் பட்டதும் அது விடுபடுகிறது என்று காட்டினார்கள். நீராவியில் அதைப் பிரித்தெடுக்கவும் செய்தார்கள். மஞ்சள் நிறமாம். அந்த மணத்துக்குப் 'பெட்ரிகோர்' என்று பெயர் வைத்தார்கள்: கிரேக்கத்தில் பெட்ரா என்றால் பாறை, இகோர் என்றால் தெய்வங்களின் நரம்பில் ஓடும் திரவம். அடுத்த வருஷமே அவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள். அந்த எண்ணெய் விதை முளைப்பதைத் தாமதப்படுத்துகிறது. அதாவது நாம் மூக்கை உயர்த்தி வரவேற்கிற அந்தச் சாரம், விதையைப் பார்த்துப் 'பொறு' என்கிற சாரம்.

அதே 1965-இல் அமெரிக்காவில் கெர்பர், லெஷெவாலியர் என்ற இருவர் மண்மணத்தின் முக்கியமான பொருளைத் தனியாகப் பிரித்து 'ஜியோஸ்மின்' என்று பெயரிட்டார்கள். ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் நுண்ணுயிரிகள் மண்ணுக்குள் உண்டாக்குவது அது. காசநோய்க்கு மருந்து கொடுத்த அதே குலம். மனித மூக்கு இந்தப் பொருளுக்குக் காட்டும் கூர்மை நம்ப முடியாதது: லட்சம் கோடியில் ஒரு சில பங்கு இருந்தாலே தெரிந்துவிடும். ஆதி மனிதன் தண்ணீரைத் தேடி அலைந்ததன் மிச்சம் இது என்று சிலர் ஊகிக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஊகத்துக்கு மேல் அது போகவில்லை.

2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு வேறொரு முகவரியைக் காட்டுகிறது. மண்ணில் ஸ்பிரிங்டெயில் என்றொரு ஜந்து இருக்கிறது. கடுகைவிடச் சிறியது, வயிற்றுக்கடியில் மடித்து வைத்திருக்கும் வால் போன்ற உறுப்பால் உந்தித் துள்ளும். ஜியோஸ்மினின் வாசனைக்கு அது வருகிறது, நுண்ணுயிரியைத் தின்கிறது, அதன் வித்துக்களை உடம்பில் ஒட்டிக்கொண்டும் கழிவோடு சேர்த்தும் வேறிடத்துக்குக் கொண்டுபோகிறது. கடிதம் அதற்கு எழுதப்பட்டது. வங்கி வாசலில் கூடியவர்கள் அடுத்த வீட்டுக் கடிதத்தைப் பிரித்துப் படித்துச் சந்தோஷப்பட்டவர்கள்.

நான் இங்கே கொஞ்சம் சோர்ந்துபோனேன் என்று சொல்ல வேண்டும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா மீன் கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குளத்துக் கெண்டை. கல்லுப்பு போட்டு உரசினாள். அப்புறம் புளி கரைத்து ஊற்றி இன்னொரு தடவை. எதற்கு என்று கேட்டேன்.

"சேத்து வாடை போகண்டாமால? இல்லாட்டி வாயில வைக்க முடியாதுல்லா."

அந்தச் சேற்று வாடையும் ஜியோஸ்மின்தான். குளத்து நீலப்பச்சைப் பாசி அதை உண்டாக்குகிறது, மீனின் கொழுப்பில் அது சேர்கிறது. புளிப்புப் பட்டால் அந்த மூலக்கூறு சிதைந்து மணமற்றதாகிவிடும். அம்மாவும் அவள் அம்மாவும் செய்துவந்த காரியத்துக்கு ரசாயனம் அப்படியே சாட்சி சொல்கிறது. குடிநீரில் இதே வாசனை கலந்தால் குழாயைத் திறந்தவன் முகம் சுளிக்கிறான். ஆக, மூக்கை உயர்த்தச் செய்வதும் மூக்கைப் பொத்தச் செய்வதும் ஒரே பொருள். மண்ணிலிருந்து எழுந்தால் இன்பம், மீனிலிருந்து எழுந்தால் குமட்டல். இயல்பூக்கம் என்று நாம் லகுவாகச் சொல்லிவிடுகிற விஷயத்துக்குள் இவ்வளவு பாகுபாடு இருக்கிறது. எங்கே, எப்போது, யாரோடு நின்று நுகர்கிறோம் என்பதெல்லாம் அதில் கலந்திருக்கிறது. எளிய சுகம் என்று ஒன்று இல்லை என்று சொல்லவில்லை. எளிமை சுகத்தில் இருக்கிறது. அது வரும் வழியில் இல்லை.

டாக்டர் மூக்குக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார். ஜெர்மனியில் ஹும்மல் என்ற மருத்துவர் 2009-இல் எழுதிய முறை: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ், காலையிலும் இரவிலும் ஒவ்வொன்றாக முகர வேண்டும். அம்மா ஒரு தட்டில் பன்னீரும் எலுமிச்சம்பழமும் கிராம்பும் தைலமும் வைத்து எனக்கு முன்னால் உட்கார்ந்துகொள்வாள். தைலம் மூக்கில் குளிர்ந்தது, மற்றவை காற்று. எனக்காக இன்னொரு காரியமும் செய்யத் தொடங்கினாள். தூறல் விழுந்தால் அடுப்படியிலிருந்தே, "ஏல, மணக்குலே" என்று குரல் கொடுப்பாள். எப்படி மணக்கிறது என்று கேட்டால் யோசிப்பாள். புதுப் பானையில் முதல் தண்ணி ஊத்துனாப்புல, என்பாள். இன்னொரு நாள், அவிச்ச நெல்லக் காயப் போட்டாப்புல. ஒரு நாள் சொன்னது மற்றொரு நாள் சரிப்படாது அவளுக்கு. 16 தடவை ஒரே சொல்லை எழுதினவன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

2022-இல் கன்னோஜிலிருந்து தபாலில் ஒரு சிறு குப்பி வரவழைத்தேன். உத்தரப் பிரதேசத்தில் இருக்கும் அந்த ஊரில் முதல் மழை மணத்தையே அத்தராக இறக்குகிறார்கள் என்ற செய்தி 1964 கட்டுரையிலேயே இருக்கிறது. கோடையில் களிமண்ணைத் தட்டிச் சுட்டு, செப்பு அண்டாவில் போட்டு நீராவி ஏற்றி, மூங்கில் குழாய் வழியாகச் சந்தன எண்ணெயில் பிடிக்கிறார்கள். மிட்டி அத்தர். குப்பியைத் திறந்து முகர்ந்தேன், ஒன்றும் இல்லை. அம்மாவிடம் நீட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள்.

"மண்ணுதான். மழயத்தான் காணோம்" என்றாள்.

நான் படித்த மண்வாசனை நாவல்களில் பாதிக்கு இதைவிடச் சுருக்கமான மதிப்புரை எழுத முடியாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி திருநெல்வேலிக்குள் ஏறி வந்தது. அக்கா வீடு ஜங்ஷனை ஒட்டிய தாழ்வான தெருவில். மார்பு அளவு தண்ணீர். மூன்றாம் நாள் வடிந்த பிறகு போனேன். முழங்கால் வரை சேறு. பீரோ குப்புற விழுந்திருந்தது. பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்கள், அக்காவின் கல்யாண ஆல்பம், அத்தான் மூட்டையாக வாங்கி வைத்த அரிசி எல்லாம் ஒரே நிறமாகிக் கிடந்தன. தெருவில் எல்லோரும் மூக்கில் துணி கட்டியிருந்தார்கள். சாக்கடையும் ஆறும் ஒன்றாகி வந்த சேறு அது.

மண்வெட்டியால் அதை இழுத்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். நாலைந்து தடவை தள்ளியதும் ஏதோ ஒன்று மூக்கின் உள்பக்கம் தட்டிற்று. நிறுத்தினேன். குனிந்தேன். மறுபடியும். அழுகல், ஈரம், அதற்கடியில் மெல்லியதாக, பழக்கப்பட்டதாக, மண். இரண்டரை வருஷத்துக்குப் பிறகு. கையால் கொஞ்சம் சேற்றை அள்ளி முகத்தருகே கொண்டுபோனேன். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.

"என்னல சிரிக்க?" என்றாள் அக்கா. வாரியலை ஊன்றிக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் உடம்பெல்லாம் கூசியது. அவள் வீடு முழுக்கப் போயிருக்கிறது. நான் அதன் நாற்றத்தில் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கிறேன். மறைக்கவும் தெரியவில்லை.

"எக்கா, வாடை தெரியுது" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். மேல்தட்டில் தண்ணீர் படாமல் தப்பிய ஒரு டப்பாவோடு வந்து, கிராம்பு ஒன்றை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். தெரியவில்லை. ஏலக்காய், அதுவும் தெரியவில்லை. "சேறு மட்டுந்தானால?" என்றாள். ஆமாம் என்றேன். டப்பாவை மூடி வைத்துவிட்டு வாரியலை எடுத்தாள். சாயங்காலம் வரை தள்ளினோம். அவ்வப்போது நின்று, "இன்னும் தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டாள். அதைக் கேட்கும்போது அவள் குரலில் இருந்ததை என்னவென்று சொல்வது எனக்குத் தெரியவில்லை. என்னைக் கோபித்துக்கொள்ள அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது.

அந்தச் சந்தோஷத்துக்காக வெட்கப்பட வேண்டுமா என்று இன்றுவரை முடிவு செய்ய முடியவில்லை. வெட்கம் வருவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. இந்தச் சுகங்களின் சுபாவம் அது. அவை நம்மிடம் அனுமதி கேட்பதில்லை, நேரம் காலம் பார்ப்பதில்லை. நல்லவையா கெட்டவையா என்பது அவற்றுக்குப் பிறகு வரும் கேள்வி. அன்று வங்கி வாசலில் முகக்கவசத்தை இறக்கியவர்களும் இப்படித்தான். ஆனால் அந்த வாசலில் மணம் தெரியாமலே நான் போய் நின்றதற்கு என்ன பெயர் வைப்பது? மூக்கு கூப்பிடவில்லை, கால் எழுந்தது. மண்மணத்தில் பாதி, மற்றவர்கள் எழுந்து போகிறார்கள் என்பதாக இருக்கலாம். அந்தப் பாதி எனக்குப் போகவில்லை. அதைப் பற்றி எழுதியிருந்தால் பொய்யாகியிருக்காது.

அதற்குப் பிறகு கிராம்பு வந்தது, காப்பி கோணலாக வந்தது, ரோஜா வரவில்லை. மதிப்புரைகளில் அந்தச் சொல்லைப் போடுவதை நிறுத்திவிட்டேன். இது சபதம் ஒன்றும் இல்லை. எழுத வரும்போது, எதைப்போல மணக்கிறது என்று அம்மாவிடம் கேட்பதுபோல் என்னையே கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை. வாக்கியத்தை அடித்துவிடுகிறேன்.

2024-இல் முதல் மழை வந்தபோதும் நான் கவுண்டரில்தான் இருந்தேன். எல்லோரும் எழுந்து போனார்கள். எனக்கு முன்னால் ஒரு வவுச்சர் பாக்கி. கையெழுத்தையும் தொகையையும் சரிபார்த்து, முத்திரை குத்தி, இழுப்பறையைப் பூட்டிவிட்டுப் போனேன். அதற்குள் மழை வலுத்துக் கொட்டத் தொடங்கிவிட்டது. மெல்லிய தூறலில்தான் மண்ணிலிருந்து நுண்ணிய குமிழிகள் வெடித்து மணத்தை மேலே தூக்குகின்றன, கனத்த மழையில் அது குறைந்துவிடுகிறது என்று மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தார் 2015-இல் படம் பிடித்துக் காட்டியிருக்கிறார்கள். வாசலில் வெறும் தண்ணீர்தான் விழுந்துகொண்டிருந்தது.

உளுந்து போடுகிற அதே பெரியவர் நின்றிருந்தார். "இப்பத்தான் தம்பி அடங்கிச்சு. செத்த முந்தி வந்திருக்கணும்" என்றார்.

"எனக்குத் தெரியல அண்ணாச்சி" என்றேன். அவர் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.